ட்ரில்லை வீணையிடம் கேளுங்கள்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பியானோ படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும்,



கிரேடு பரீட்சைக்கு உட்காரும் உங்களில் பலருக்கு ட்ரில் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. ஸ்வரத்தின் தலைக்கு மேல் இரண்டு சின்ன எழுத்து, பக்கத்தில் ஒரு நெளிகோடு. அதைக் கண்டதும் தோள் மேலேறுகிறது, மணிக்கட்டு இறுகுகிறது, இரண்டு விரலும் தலைதெறிக்க ஓடுகின்றன. இடது கை என்ன செய்கிறது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. ட்ரில் முடிந்ததும் ஒரு பெருமூச்சு, பிறகு மறுபடி பாட்டு. கேட்கிறவருக்கோ பாட்டின் நடுவே யாரோ காலிங் பெல்லை அழுத்திவிட்டுப் போனது போல இருக்கிறது.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையிலும், வீணை கேட்டு வளர்ந்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். ட்ரில்லில் வேகம் கடைசியாக வரவேண்டியது. முதலில் வரவேண்டியது காது. அந்தக் காது உங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே இருக்கிறது. காலையில் பாட்டு வாத்தியாரிடம் வர்ணம், மாலையில் பியானோ என்று போகிற பிள்ளைகள் இங்கே நிறைய. ஆனால் பியானோ ஸ்டூலில் உட்கார்ந்த மறு நிமிடம் காலையில் கற்றதையெல்லாம் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடுகிறீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்பதுதான் இந்த மடலின் சாரம்.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியை அடித்துவிட்டு விலகிக்கொள்கிறது. அடித்த கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். கட்டையை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அது வளராது. பியானோவுக்கு முன்னால் இருந்த ஹார்ப்சிகார்டில் ஒலி இன்னும் சீக்கிரம் தேயும். அதனால்தான் நீண்ட ஸ்வரம் வரும் இடத்தில் அந்தக் காலத்து வாசிப்பாளர்கள் பக்கத்து ஸ்வரத்தையும் சேர்த்து மாறிமாறி அடித்து நாதத்தை நிற்க வைத்தார்கள். ட்ரில்லுக்கு வேறு வேலைகளும் உண்டு. முத்தாய்ப்புக்கு முன் ஓர் உரசலைக் கொடுத்து, முடிவை ஏங்க வைப்பது அதில் முக்கியமானது. ஆனால் தேய்கிற ஒலியை உயிரோடு வைத்திருப்பதும் அதன் பிறவிக் குணங்களில் ஒன்று.

இப்போது வீணையைப் பாருங்கள். அதுவும் தேய்கிற ஒலிதான். ஒரு மீட்டு, அவ்வளவுதான். அந்த ஒரே மீட்டில் கிளம்பிய நாதம் அடங்குவதற்குள் தந்தியை மெட்டின்மேல் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, அதில் எத்தனை அசைவு வைக்க முடியுமோ அத்தனையும் வைப்பதுதான் வைணிகரின் வித்தை. கறுப்பு வெள்ளைக் கட்டையைப் பார்த்து பியானோவையும் ஹார்மோனியத்தையும் ஒரே குடும்பம் என்று நினைக்கிறோம். காதால் பார்த்தால் அப்படியில்லை. ஹார்மோனியத்தில் துருத்தி ஊதும்வரை ஒலி நின்றுகொண்டே இருக்கும். நாதம் தேயுமே என்ற கவலை அதற்கு இல்லை. பியானோவுக்கு நெருங்கிய சொந்தம் வீணைதான்.

ஹார்மோனியம் என்றதும் ஒரு சங்கதி. திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. ஓர் ஆண்டு நிறைவதற்குள், 1940 மார்ச் முதல் தேதியிலிருந்து, அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை நிலையங்களிலிருந்தே விலக்கிவிட்டது. கமகம் வராது, ஸ்ருதி நம் ஸ்ருதி இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. தாகூரே ஹார்மோனியத்துக்கு எதிராக இருந்தார். நாடக நடிகர் கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் போன்றவர்கள் நாடக மேடையில் ஹார்மோனியத்தை ஆட்டிப்படைத்த காலம் அது. ஆனாலும் வானொலிக் கதவு சாத்தியே இருந்தது. 1971க்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. தடை அதிகப்படி என்பது என் கட்சி. ஆனால் குற்றச்சாட்டில் ஒரு பாதி உண்மை: கட்டை வைத்த வாத்தியத்தில் இரண்டு ஸ்வரங்களுக்கு இடையில் உள்ள இடத்தைத் தொட முடியாது. பியானோவுக்கும் அதே கதிதான்.

ஆகவே ஒரு எச்சரிக்கை. தோடி காந்தாரத்தைப் பியானோவில் கொண்டுவருகிறேன் என்று இரண்டு கட்டைகளை வேகமாக அடிக்காதீர்கள். அந்தக் காந்தாரத்தை ஆட்டும் கம்பிதம் என்ற கமகம் ஒரே தந்தியில் வழுக்கிக்கொண்டு போவது. ட்ரில் இரண்டு தனித்தனி ஸ்வரங்கள். கீபோர்டில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் கே. சத்யநாராயணன் கமகத்துக்கு அந்தக் கருவியில் உள்ள பிட்ச் பெண்டரைக் கையாளுகிறார். அது பியானோவில் கிடையாது. சிக்கில் குருசரண் பாட, அனில் சீனிவாசன் பியானோ வாசிக்கும் கச்சேரிகளைக் கேட்டிருப்பீர்கள். நான் கேட்டவரை, கமகத்தைக் குரலிடமே விட்டுவிட்டு, அந்தக் குரல் நிற்க ஓர் இடத்தைத்தான் பியானோ அமைத்துத் தருகிறது. வீணையிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அசைவின் உருவத்தை அல்ல, அசைவை நடத்தும் விதத்தை.

அதென்ன விதம்? நல்ல வைணிகர் ஒரு ஸ்வரத்தை மீட்டியதும் உடனே ஆட்டத் தொடங்குவதில்லை. எந்த ஸ்வரம் என்று காதுக்குத் தெரிய ஒரு கணம் விடுவார். அப்புறம் அசைவு வரும், அதுவும் ஒரே சீராக இருக்காது; நடுவில் விரிந்து, கடைசியில் அடுத்த ஸ்வரத்தைப் பார்த்துக்கொண்டே சுருங்கும். தொடக்கம், நடு, முடிவு மூன்றும் தெரிந்தே நடக்கின்றன. வைகுண்ட ஏகாதசித் திருநாள் நாட்களில் ஸ்ரீரங்கம் கோயிலில் இரவு நம்பெருமாள் மூலஸ்தானம் திரும்புகையில் வீணை ஏகாந்தம் நடக்கும். கூட்டத்தில் முண்டியடித்துச் சேவிப்பதோடு நிறுத்திவிடாமல், அடுத்த முறை ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அது எப்படி முடிகிறது என்று மட்டும் கேளுங்கள்.

அசைவு ஒரே சீராக இருக்கக்கூடாது என்பதைத்தான் பாரிஸில் இருந்த பிரான்சுவா கூப்ரன் 1716இல் தன் ஹார்ப்சிகார்டு பாடநூலில் எழுதினார். அட்டவணையில் ட்ரில்லின் ஸ்வரங்கள் சமமாக அச்சாகியிருந்தாலும், தொடங்கும்போது மெதுவாகவும் முடியும்போது வேகமாகவும் இருக்க வேண்டும். அந்த மாற்றம் கேட்பவருக்குத் தெரியக்கூடாது என்றார். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இந்த ஒரு யோசனையைப் பின்பற்றினாலே உங்கள் ட்ரில்லில் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இனி கைவேலைக்கு வருவோம். மொஸார்ட்டின் கே. 545 சி மேஜர் சொனாட்டாவை உங்களில் நிறையப் பேர் வாசிக்கிறீர்கள். முதல் பகுதியின் முன்பாதி ஜி மேஜரில் முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு நீண்ட ட்ரில் வரும். ஜி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அந்த ட்ரில் ரிஷபத்தின் மேல் நிற்கிறது. முடிவில் ஸட்ஜத்தில் இறங்குகிறது. சங்கராபரணம் பாடத் தெரிந்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கையைப் பியானோவில் வைக்காமல் முதலில் பாடுங்கள்: கரி கரி கரி ஸரி, ஸா. தொடக்கம் மேல் ஸ்வரத்தில், காந்தாரத்தில். அதுதான் உரசல். கடைசியில் வரும் 'ஸரி' ட்ரில்லின் வால். அது இறங்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. பிள்ளைகளின் ட்ரில் கெடுவது பெரும்பாலும் இந்த வாலில்தான். நடுவில் பிரமாதமாக ஓடிவிட்டு வாலில் தடுக்கி விழுவார்கள். ஆகவே வாலை மட்டும் தனியாக எடுத்துப் பழகுங்கள்: கரி ஸரி, ஸா. அது நிச்சயமான பிறகு முன்னால் இன்னொரு 'கரி' சேருங்கள், பிறகு இன்னொன்று. முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிக் கட்டிக்கொண்டு போகும் பயிற்சி இது.

எத்தனை 'கரி' போடுவது என்பது அடுத்த கேள்வி. கணக்கு எளிது. நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணிக்கைக்கு 4 ஸ்வரம் போட்டால் நொடிக்கு 8. எண்ணிக்கைக்கு 6 போட்டால் நொடிக்கு 12. 8 போட்டால் நொடிக்கு 16; அதைத் தெளிவாக வாசிக்கும் கை அபூர்வம். நாலோ ஆறோ போதும். நாலு சதுஸ்ரம், ஆறு திஸ்ரத்தின் மேல்காலம்; நடை மாற்றுவது உங்களுக்குப் புதிதல்ல. ஒரு நாள் முழுக்க நாலில் வாசியுங்கள், இடது கையோடு சேர்த்து. மறுநாள் ஆறில். அதற்கடுத்த நாள் நாலில் தொடங்கி ஆறுக்குப் போய் வால் வரும்போது நாலுக்குத் திரும்புங்கள். இது கைக்கு வந்தபிறகு எண்ணிக்கையை மறந்துவிடலாம். மறக்க வேண்டும்கூட, கணக்கு வெளியே தெரிகிற ட்ரில் தையல் மிஷின் சத்தமாகிவிடும்.

மேல் ஸ்வரத்தில் தொடங்குவதா, எழுதியிருக்கும் ஸ்வரத்திலேயே தொடங்குவதா என்று சண்டை போடுகிறீர்கள். பாக், மொஸார்ட் என்றால் பெரும்பாலும் மேலிருந்து. ஹம்மல் 1828இல் தன் பாடநூலில் எழுதிய ஸ்வரத்திலிருந்தே தொடங்கச் சொன்னார். அதற்குப் பிந்தியவர்களிடம் அந்த வழக்கம் பரவியது. முந்தைய ஸ்வரமே மேல் ஸ்வரமாக இருந்தால் எந்தக் காலத்து ஆளானாலும் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். இதற்கு மேல் இதில் நேரம் செலவழிப்பது வீண்.

விரல் விஷயத்தில் ஒரு சோதனை. உள்ளங்கையை மேஜைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். வராது. விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மோதிர விரலுக்குத் தனி சுதந்திரம் குறைவு. இது உங்கள் சோம்பேறித்தனம் அல்ல, உடம்பின் அமைப்பு. இதை வலுக்கட்டாயமாக மாற்றப் பார்த்த ராபர்ட் ஷூமான் ஒரு விரல் பயிற்சிக் கருவியைப் பயன்படுத்தினார். 1830களின் தொடக்கத்தில் வலது கை கெட்டு, பியானோ வாசிப்பாளராகும் ஆசையையே விட்டார். கை கெட்டதற்கு அந்தக் கருவிதான் முழுக் காரணமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எப்படியோ, அந்த வழி வேண்டாம். 3, 4 என்று புத்தகத்தில் அச்சிட்டிருந்தாலும் 2, 3 அல்லது 1, 3 போட்டுப் பாருங்கள். நீண்ட ட்ரில்லுக்கு 1, 3, 2, 3 என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஒரே ஜோடி களைத்துப்போகாது. விரல் மட்டும் துடிக்காமல், பூட்டில் சாவியை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பும்போது முன்கை எப்படிப் புரள்கிறதோ அப்படிப் புரளட்டும். முழங்கையும் தோளும் தொங்கிக் கிடக்க வேண்டும். வலித்தால் நிறுத்துங்கள். ஹானனின் 46ஆம் பயிற்சி ட்ரில்லுக்காகவே எழுதப்பட்டது, நல்லதுதான். ஆனால் அரை மணி நேரம் காது கேட்காமல் அதை ஓட்டுவதைவிட, கே. 545இன் அந்த ஒரு வரியை ஐந்து நிமிடம் கேட்டு வாசிப்பது மேல்.

பெற்றோருக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. "பிள்ளைக்கு விரல் வேகம் போதவில்லை" என்று எங்களிடம் வருகிறீர்கள். பல சமயம் குறை விரலில் இல்லை, கருவியில். பியானோக் கட்டை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறது. அது முழுக்க மேலே வராமலே சுத்தியல் மறுபடி அடிக்கும் அமைப்பை எரார்டு கம்பெனி 1821இல் கண்டுபிடித்தது. இன்றைய கிராண்ட் பியானோக்களில் ட்ரில் எளிதாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோவில் அந்த அமைப்பு பொதுவாகக் கிடையாது. கட்டை ஏறக்குறைய மேலே வந்தபிறகுதான் திரும்ப அடிக்கும். ஆகவே அப்ரைட்டில் விரலைக் கட்டையை விட்டுத் தூக்காமல், கட்டை எழும்புவதற்கு மட்டும் இடம் கொடுத்து வாசிக்க வேண்டும். எடையில்லாத 61 கட்டைக் கீபோர்டில் இது எதையுமே கற்க முடியாது. அதில் கட்டை தொட்டதும் போய்விடும்; மெல்லிய ட்ரில், வளர்கிற ட்ரில் என்று விரலால் வேறுபடுத்துவது கடினம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் எடையுள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோவையாவது பாருங்கள். பழைய மரப் பியானோ வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் கட்டை ஒட்டிக்கொண்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஈரத்தில் மரமும் ஃபெல்ட்டும் உப்புகின்றன.

அறையும் ஒரு வாத்தியம்தான். பிரஷ்யாவின் ஃப்ரெடரிக் மன்னருக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்த குவான்ஸ் 1752இல் எழுதிய நூலில், எதிரொலிக்கும் பெரிய இடத்தில் ட்ரில்லைச் சற்று மெதுவாகவும் துணி போர்த்திய சின்ன அறையில் வேகமாகவும் போடச் சொல்கிறார். எதிரொலியில் வேகமான ட்ரில் குழம்பிவிடும். இதைச் சோதித்துப் பார்க்க திருச்சியைவிட நல்ல ஊர் கிடைக்காது. தெப்பக்குளம் பக்கத்து லூர்து மாதா கோவிலின் உயர்ந்த கோதிக் விதானத்தின் கீழே ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, திரைச்சீலையும் சோபாவும் அடைத்த ஏசி அறையில் தட்டிப் பாருங்கள். தில்லைநகர் மாடி அறையில் நீங்கள் பழகிய வேகம் பெரிய ஹாலில் எடுபடாமல் போனால் உங்கள் விரலைக் குறை சொல்லாதீர்கள்; வேகத்தைக் குறையுங்கள். தாழ்ந்த ஸ்வரங்களிலும் அப்படித்தான். அடிஸ்தாயியில் ட்ரில் மெதுவாக இருந்தால்தான் தெளிவு.

அடிஸ்தாயி என்றதும் ஷூபெர்ட். அவர் இறந்த 1828ஆம் ஆண்டு எழுதிய பி ஃபிளாட் சொனாட்டாவின் தொடக்கத்தில், அமைதியான ஒரு பாட்டு சில அடிகள் நடந்ததும், கீழே இடது கையில் மிக மெல்லிய ஒரு ட்ரில் எழுந்து அடங்கும். அதற்குப் பிறகு மௌனம். அங்கே வேகத்துக்கு என்ன வேலை? அடிவயிற்றில் ஏதோ புரளும் உணர்வு மட்டும்தான். பீத்தோவன் 1822இல் முடித்த கடைசி சொனாட்டாவின் இரண்டாம் பகுதியில் ட்ரில்கள் மேலே மேலே ஏறி, அலங்காரம் என்ற நிலையையே விட்டுவிடுகின்றன. பாட்டே ட்ரில்லாக நடுங்கிக்கொண்டு நிற்கிறது. இந்த இரண்டையும் நீங்கள் வாசிக்க இன்னும் பல வருஷம் ஆகலாம். கேட்க இன்றே முடியும். ட்ரில் என்றால் பளபளப்பு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வாசிப்பதற்கு பாக்கின் டி மைனர் இரண்டு குரல் இன்வென்ஷன் இருக்கிறது. முதலில் வலது கையில் ஒரு நீண்ட ட்ரில்; இடது கை பாட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பிறகு இடது கையில் இன்னொன்று. வலது கை பாடுகிறது. இதில் ட்ரில் போடும் கை தம்புரா மாதிரி பின்னால் நிற்க வேண்டும், பாடும் கை முன்னால் வர வேண்டும். நம் பிள்ளைகள் செய்வது நேர் எதிர்: ட்ரில் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ட்ரில்லை அரைச் சத்தத்தில் வாசித்து மற்றக் கையை இரண்டு பங்கு பாட விடுங்கள்.

ஆசிரியர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பாட்டு வகுப்பா பியானோ வகுப்பா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். வெளியூரிலிருந்து வந்த வயலினை நம்மவர்கள் ஏற்றுக்கொண்டு, லால்குடி ஜெயராமன் கையில் அது பாட்டாகவே மாறியதைக் காவிரிக் கரையில் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பியானோ வயலின் ஆகாது. ஆனால் ஜண்டை வரிசையில் இரண்டாம் ஸ்வரத்துக்கு அழுத்தம் கொடுக்கப் பழகிய காது, ட்ரில்லில் எந்த ஸ்வரத்தில் அழுத்தம் விழ வேண்டும் என்பதை எந்தப் பாடநூலையும்விடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஊரின் சில பள்ளிக் கூடங்களிலும் திருச்சபை அரங்குகளிலும் நல்ல பியானோக்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஆண்டு விழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் திறக்கப்படுகின்றன. சாவி கையில் உள்ளவர்களே, வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், கீபோர்டில் மட்டும் பழகும் பிள்ளைகளுக்கு அந்த மூடியைத் திறந்து விடுங்கள். ட்யூனிங் செலவில் பங்கு கொடுக்கப் பெற்றோர்களும் எங்களைப் போன்ற ஆசிரியர்களும் தயார்.

அன்புடன்,
ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பியானோ ஆசிரியர்